ஒரு விரற்கடை

"சொன்ன பேச்சு இவ்வளவு கேக்குற எஞ்சினை
நான் பார்த்ததே இல்லை" என்றாள் நஸ்ரின்.
சாவி திருப்பியதுமே
புரொப்பல்லர் வட்டமாகிவிடுகிறதாம்.
ஈக்காட்டுத்தாங்கல், நாலாவது மாடி, இரவு பதினொன்று.

குளிர்ந்த எஞ்சினுக்கு இருமல் சேர்த்தேன்.
பிரைமரை அழுத்த மறந்தவனுக்கு
மூன்று சுற்று, பிறகு மௌனம்.
அளவுக்கு மீறி அழுத்தியவனுக்கும் அதே மௌனம்.
பெட்ரோல் வாடையை
எந்த வரியில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

அணைப்பது இன்னும் கஷ்டம்.
மிக்ஸ்சரை இழுத்ததும் சாகாது;
குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்து
ஒரு கணம் வேகம்கூடக் கூடும்.
அப்புறம்தான் இலைகள்
தனித்தனியாய்க் கண்ணுக்குத் தெரியும்.
நின்ற பிறகும்
சிலிண்டரில் அடைபட்ட காற்று
ஒரு விரற்கடை பின்னே தள்ளும்.
அந்த விரற்கடைக்கு ஒன்பது நாள்.

ஞாயிறு மதியம் பம்மலில் கரண்ட் போனது.
மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் ஒன்று
மொட்டைமாடித் துணிகளை உரசுவதுபோல் போனது.
ஜெட். எனக்குச் சம்பந்தமில்லை.

மல்லாந்து கிடந்தேன்.
மேலே மூன்று இலை,
ஓரமெல்லாம் கறுப்புத் தூசி,
தளர்ந்து
தளர்ந்து
நின்றது.
காத்திருந்தேன். பின்னே வரவில்லை.

நஸ்ரினுக்கு அனுப்பினேன்:
"சீலிங் ஃபேன் திரும்பி வராது, கவனிச்சிருக்கியா?"

வியர்வை காது வரை வந்த பிறகு
பதில் வந்தது:
"தூங்கு."