திருப்திகரம்

மதியம் இரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும்
என்று எழுதியவன் நான்தான்.
மொன்டானாவின் வடக்கு மூலை, வனத்துறைக் கிளை அலுவலகம்.
ஒன்பது முகாம்கள், இருபத்திரண்டு குழிக் கழிப்பறைகள்.
கோடை முழுக்க உறிஞ்சியெடுத்து, கழுவி,
காகிதச் சுருள் மாட்டிவிட்டுப் போக ஓர் ஆள்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.
அதற்கு நாற்பத்தாறு பக்கம்.

ஆர்டிஸ் ட்வைட்டின் விலை வந்தது
இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு.

பதினோரு வருடமாக அவள்தான்.
பச்சை லாரி, கதவில் அவள் பெயரின் கடைசி எழுத்து
உரிந்துபோயிருக்கும்.
இன்னொரு விலை காலையிலேயே வந்திருந்தது,
பாய்சியிலிருந்து, பெயரில் ஒரு கழுகு.
நாலாயிரம் டாலர் கூட.
கூடதான். ஆனால் நேரத்தோடு வந்த கூடுதல்.

போனில் கேட்டாள்: ஒரு நிமிஷமா?
ஒரு நிமிடம் என்றேன்.
பனி கொட்டினால் எத்தனை நாள்
நீங்கள் ஆபீசே திறப்பதில்லை என்றாள்.
அதற்கு விதி இருக்கிறது என்றேன்.
இருந்தது.

ஆட்சேபணை வந்தது பத்தாம் நாள்.
வக்கீல் கிடையாது. முழுக்கப் பெரிய எழுத்துகள்,
நடுவில் மூச்சுவிட ஒரு காற்புள்ளிகூட இல்லை.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கே அனுப்பிவிட்டேன்
உங்கள் கட்டிடத்துக்குள்ளேதான் ஒன்பது நிமிஷம்
நின்றுகொண்டிருந்தது என் கடிதம்
வாசலில் நிற்கவைத்தவன் நீங்கள்
தாமதம் மட்டும் என்னுடையதா.

உண்மைதான். அடித்தளத்தில் ஒரு பழைய இயந்திரம்
எல்லாக் கடிதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்பும்.

அதற்குப் பதில் எழுதியவனும் நானே.
'வந்தது' என்ற ஒரு சொல்லுக்கு
பழம்பாட்டுக்கு உரை எழுதுகிறவன் போல
மூன்று பக்கம் பொருள் சொன்னேன்.
கட்டிடத்துக்கு வந்தது வேறு,
பெட்டிக்கு வந்தது வேறு.

வாஷிங்டன் நூறு நாள் எடுத்துக்கொண்டது.
நூறாம் நாள் பதினோரு பக்கம்.
மறுக்கப்பட்டது என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது.
அதை மட்டும் அவள் படித்திருப்பாள்.

ஜூலையில் கரடிப்பல் ஏரிக்குப் போனோம், விடுமுறைக்கு.
என் சின்னவன், ஏழு வயது,
போன வேகத்தில் திரும்பி ஓடி வந்து
அங்கே நாறவே இல்லை அப்பா என்றான்,
ஏதோ ஏமாற்றப்பட்டவன் போல.

கொட்டகைக்குப் பின்னால் பச்சை லாரி.
முழங்கை வரை உறை, தோளில் குழாய்.
கழுகுக்காரர்களுக்கு இந்தப் பக்கம் லாரியே இல்லையாம்.
விசாரித்து விசாரித்து
கடைசியில் அவளையே கூப்பிட்டிருக்கிறார்கள்.
குழிக்கு இவ்வளவு. போன வருஷத்தைவிட முப்பது டாலர் குறைவு.
மழை வருமா வராதா என்பதைப் போலத்தான் சொன்னாள்.
பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து,
இன்றைக்குச் சரியாக வந்துவிட்டேனா?

நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல்
ஏரியைப் பார்த்தேன்.

அக்டோபரில் மதிப்பீட்டுப் படிவம்.
ஒப்பந்தக்காரர் பெயர்: கழுகு, அச்சிட்டே வருகிறது.
பணித்தரம்: ஐந்து கட்டங்கள்.
நன்றாக இல்லை என்றால் பொய்.
நன்றாக இருந்தது என்றால்
அவள் கழுவிய ஒவ்வொரு குழியும்
அடுத்த வருஷம் அவளுக்கு எதிராகவே நிற்கும்.
மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்: திருப்திகரம்.
குறிப்பு என்ற இடத்தில்
அங்கே நாறவே இல்லை என்று அடித்தேன்,
யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசித்து அழித்தேன்.

இப்போது புது அறிவிப்பு தயாராகிறது.
சென்ற ஆண்டுப் பணிக்கு நாற்பது மதிப்பெண்;
அதில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.
மணியை மட்டும் மாற்றலாம்.
மாற்றினேன். நான்கு.