லோம்போக்கில் அரை மணி நேரம்

சிலவற்றை முன்கூட்டி யாரும் அறிவிப்பதில்லை.
மீன்பிடிப் படகுகளுக்கான எச்சரிக்கையில்தான்
நான் அவற்றைக் கண்டுபிடிப்பேன்:
புதன் நள்ளிரவு முதல் விடிகாலை ஆறு வரை
இந்த நான்கு புள்ளிகளுக்குள் வர வேண்டாம்.
சமையல் மேடையில் வரைபடத்தை விரித்து
புள்ளிகளைப் பென்சிலால் சேர்ப்பேன்.
கட்டம் தெற்கே நீண்டால் செயற்கைக்கோள்,
பையனை எழுப்பிக் கூட்டிப் போகலாம்.
மேற்கே நீண்டால்
தனியாகத்தான் போவேன்.

"ரெண்டும் ராக்கெட்தானேப்பா?" என்பான் செவ்வேள்.
ரெண்டும் ராக்கெட்தான்.

ஆக்ஸ்நார்டிலிருந்து தொண்ணூறு மைல்.
பகலில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கணக்கெழுதுகிறவன்
இரவில் முள்ளங்கி வயலோரம் காரை நிறுத்தி
கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
பதினான்கு முறை வந்ததில் ஒன்பது முறை மூடுபனி.
பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.
அதனால் காதுக்குத் தெரியும்:
மண்ணெண்ணெய் குடிப்பது மெல்ல எழும்,
பாரவண்டி மேடேறுவதுபோல் முக்கும்,
வயிற்றுக்குள் வந்து உட்காரும்.
திட எரிபொருள் அப்படியில்லை.
சொல்லாமல் கொள்ளாமல் குழிக்குள்ளிருந்து கிளம்பி
நீ தலை தூக்குவதற்குள் போயிருக்கும்.

ஸ்ட்ராபெரி குளிர்கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ரெய்னால்டோ
இடைவேளையில் ஜாக்கெட்டோடு வருவான்.
"இன்னைக்கு எந்தப் பக்கம்?"
"மேற்கு."
"அப்ப நான் சாப்பிட்டுட்டு வரேன்."

ஸ்கேனரில் கரகரப்பு.
தளத்துக்குக் குறுக்கே போகும் தண்டவாளத்தில்
ஏதோ ஒரு சரக்கு ரயில், பொறுங்கள் என்கிறார்கள்.
பசிபிக்கை அரை மணியில் தாண்டப்போகிற ஒன்று
வெங்காய வண்டிக்கோ என்னவோ
பதினோரு நிமிடம் வழிவிட்டுக் காத்திருந்தது.
சிரித்தேன். தனியாக இருந்ததால் சத்தமாகவே.

ஒன்று நாற்பத்தொன்று.
அன்றைக்குப் பனி இல்லை.

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அழகு.
மலை விளிம்பு முழுக்க ஒரு நொடி பகலாகி
ஒவ்வொரு யூகலிப்டஸுக்கும் நிழல் முளைத்து
அந்த நிழல்களெல்லாம் ஒரே சமயத்தில் ஓடின.
முதல் அடுக்கு கழன்றது, இரண்டாவது பற்றியது,
விரலால் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
மூன்றாவதும் அணைந்தபோது
மூன்று நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை.
அதன்பின் அதற்கு நெருப்பு வேண்டாம்.
எறிந்த கல்லுக்கு என்ன வேண்டும்?

மற்றவர்கள் முக்காலியை மடித்துக் கிளம்பிவிட்டார்கள்.
நான் மட்டும் கிளம்புவதில்லை.
அது இன்னும் மேலே இருக்கிறது.
நாலாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பவளத் தீவுக்கூட்டம்,
நடுவே வெதுவெதுப்பான நீர்.
அங்கே விழும் வரை காரைக் கிளப்ப மனம் வராது.
முனையில் வெறும் கூடுதான், தெரியும்.
எடைக்கு எடை, உள்ளே கொஞ்சம் உணர்கருவி.

அரை மணி.
குக்கரில் பருப்பு வைத்து இறக்கி
ரசமும் தாளித்துவிடலாம்.
ஓர் ஊருக்கு இது உண்மையாகவே சொல்லப்பட்டால்
செவ்வேளின் ஒற்றைச் செருப்பைத் தேடவே
அதில் பத்து நிமிடம் போய்விடும்.
சோபாவுக்கு அடியில் பார்த்தாயா,
பால்கனியில் பார்த்தாயா...

பிளாஸ்கில் டீ ஆறிவிட்டிருந்தது. குடித்தேன்.

ரெய்னால்டோ கையைத் துடைத்தபடி திரும்பி வந்தான்.
"விழுந்துடுச்சா?"
மணி பார்த்தேன். இரண்டு பதின்மூன்று.
"விழுந்திருக்கும்."
நசுங்கிய பழம் ஒரு பெட்டி, விற்க ஆகாதது,
ஜன்னல் வழியே உள்ளே வைத்துவிட்டுப் போனான்.

உள்விளக்கைப் போட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.
தேதி, நேரம், திசை, வானம், ஒலி
ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன்.
கடைசிக் கட்டம், சேர்ந்த இடம்.
மேற்கே போனவை எதற்கும்
அதில் நான் எழுதியதில்லை.
கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது என் வழக்கம்.

வழியெல்லாம் கார் முழுக்க ஸ்ட்ராபெரி வாசனை.
அடுத்த செவ்வாய் தெற்கு.
அவன் ஸ்வெட்டரை எடுத்து வைக்க வேண்டும்.