அரைப் பேர்

ஹட்டன் மண்டபத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி.
கால் உடைந்தவை எட்டைக் கழித்துவிடுங்கள்.
வாடகை, ஜெனரேட்டர், நிஸ்தார் நானாவின் ஸ்பீக்கர்,
கண்டியிலிருந்து ரயிலில் வரும் கிளாரினெட்காரர் சமிந்தவுக்குப்
போக வரக் காசு, இரவுச் சோறு.
ஏழு வாத்தியம், பதினொரு குரல்.
பத்து மாதம் ஞாயிறு தவறாமல் ஒத்திகை.
ஒத்திகைக்கு யாரும் பில் போடவில்லை,
அதனால் அது கணக்கில் இல்லை.

கொப்பியை மூடிவிட்டுச் சொன்னேன்: எழுநூறு.
எழுநூறென்றால் அரைப் பேர், என்றான் சூசைராஜ்.
அவன் அம்மா இன்னும் மலைக்குப் போகிறாள்.
கொழுந்து நிறுவையில் குறைந்தால்
பேரில் பாதியை வெட்டிவிடுவார்கள்,
அன்றைக்குப் பாதி மனுஷிதான் மலை ஏறியது போல.

கொழும்பிலிருந்து ஒரு நண்பர் போனில்:
ரெண்டாயிரம் வைங்க, தரமான ஆட்கள் வருவாங்க.
அவர்களை எந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவீர்கள் என்றேன்.
சிரித்தார்.

நானூறு வைக்கலாம்தான்.
வாத்தியங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால்
பென்டிரைவுக்குப் பசிக்காது, அதன் ரயில் பிந்தாது.
லோஜினி கேட்டாள்:
"நான் மூச்சு வாங்க ஒரு நொடி பிந்தினா
அது எனக்காக நிக்குமா?"
கீபோர்டில் சூசைராஜ் எதையோ அழுத்தினான்.
ஊமையான மூன்று கட்டைகளில் ஒன்று.
எழுநூறு என்றே அச்சடித்தோம்.

சனிக்கிழமை ஐந்தரை. மழை இல்லை, மூட்டம்.
நூற்றுத் தொண்ணூறு விற்றிருந்தது.
நகரசபையிலிருந்து ஆறு பேர் ஓசியில் வந்து
முன்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கம்பிக்கு அப்பால் ஒருத்தி,
பக்கத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு மகள்.
எழுநூறா, என்றாள்.
கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்தது, முடிந்தது,
மறுபடி அவிழ்ந்தது.
"ஒரு டிக்கட் தாங்க.
இடைவேளை மட்டும் நான். பொறகு இவ."

நூறு நாற்காலிக்கு மேல் காலி.
ரெண்டு பேருமே போங்க, என்றேன்.
"வேணாம். டிக்கட் கிழிக்காம உள்ள போனா
பார்த்த மாதிரி இருக்காது."

நாடகத்தில் ஒரு ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து நின்றுவிடும்.
அங்கேதான் இடைவேளை.
வெளியே வந்தவள் பாதி டிக்கட்டை மகளிடம் கொடுத்தாள்,
சப்பாத்துச் சத்தம் உள்ளே ஓடியது.
பின்சுவர் தகரம். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.
உள்ளே விளக்கணைத்து
பதினாறு நிமிடம் இருட்டில் பாடுவார்கள்.
வெளியேயும் இருட்டித்தான் இருந்தது.
கிளாரினெட் தகரத்தைத் தாண்டி வந்து
அவள் தோளருகே நின்றது.
அதற்கு நான் எதுவும் அறவிடவில்லை.

ஒருமுறை கேட்டாள்: "வெளிய வந்திருச்சா, ரயிலு?"
எனக்குத் தெரியும். பத்து மாதம் பார்த்திருக்கிறேன்.
மகள்கிட்ட கேளுங்க, என்றேன்.

கூட்டம் கலைந்தது. கைத்தட்டல் நீளமாகத்தான் இருந்தது,
நிஸ்தார் நானாவிடம் அதைக் கொடுக்க முடியாது.
நட்டம் பதினெட்டாயிரத்து நானூறு.
அதற்குக் கீழே எழுதினேன்: அரைப் பேர், இரண்டு.
சூசைராஜ் எட்டிப் பார்த்து,
கூட்டினா ஒண்ணுதானே, என்றான்.
நான் வெட்டவில்லை.

எதிரே நோர்வூட் கடைசி பஸ்
ஆள் சேர உறுமிக்கொண்டு நிற்கிறது.
ஜன்னலோரம் மகள் கைகளை விரித்து
ஒரு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.
தாய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்குகிறாள்:
"இரு, இரு.
அது ஏன் நின்னுச்சுன்னு மொதல்ல நான் சொல்றேன்."