கணக்கில் ஒருவர் கூடுதல்

என் கொடிக்கம்பின் நுனியில்
துணித்தவளை ஒன்று தொங்கும்.
எங்கள் மொழியில் தவளைக்கும் திரும்பி வருவதற்கும்
ஒரே ஓசை.
தொலைந்து போகாதீர்கள் என்பதை
இருபத்திரண்டு போலந்துக்காரர்களுக்கு
இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது நாள், நான்கு ஊர்.
தோக்கியோவில் கால்வலி. ஹகோனேயில் மேகம்:
மலை தெரியாததற்குப் பணம் திருப்பித் தர இயலாது
என்று சிரித்தபடி சொல்லவேண்டும்.
கியோத்தோவில் பாதிப்பேர்
வாடகைக்கு எடுத்த பூக்களை உடுத்தி
மரச்செருப்பில் தடுமாறினார்கள்.
நான் எண்ணினேன்.
ரயில் ஏறுமுன் எண்ணினேன், இறங்கி எண்ணினேன்,
கழிப்பறை வாசலில் எண்ணினேன்.
தூக்கத்திலும் எண்ணுவேனாம்,
கணவர் என்று ஒருவர் இருந்தபோது சொன்னது.

கனசாவாவில், நவம்பரில், ஏழாம் நாள்
இருபத்துமூன்று வந்தது.

குறைந்தால் என்ன செய்வதென்று கையேட்டில் இருக்கிறது.
கூடினால் செய்யவேண்டியது
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்தச் சிறிய கோயில் தோட்டத்தில்
தேநீர்ச் சடங்கு பத்து நிமிடம் தாமதம்.
பத்து நிமிடம் என்பது
குளிரில் நிற்கும் ஒரு குழுவுக்கு மிகவும் நீளம்.
திருமதி ஹலீனா குளத்தங்கரைக் கல்லைக் காட்டி
இதற்கு என்ன கதை என்றார்.
கல்லுக்குக் கதை இல்லை. அது வெறும் கல்.
நான் சொன்னேன்:
பிரபு வீட்டுப் பெண்ணொருத்தி இதில் அமர்ந்து
இரவெல்லாம் அழுதாள்,
அந்த அழுகை கலையக் கூடாதென்று
இதனருகே தவளைகள் இன்றுவரை கத்துவதில்லை.
கேமராக்கள் உயர்ந்தன.
ஒருவர் கல்லைத் தடவிக்கூடப் பார்த்தார்.

இருபத்துமூன்றாமவர் வரிசையின் கடைசியில் நின்றார்.
சாம்பல்நிற வேலையுடுப்பு,
சட்டைப்பையில் ‘நிஷிவாகி’ என்று நூலெழுத்து,
கையில் பாதி தின்ற சோற்றுருண்டை.
தெருமுனை இயந்திரத்தில் குளிர்பான டப்பாக்களை
நிரப்பிவிட்டு வந்தவர்.
“மன்னிக்கவும், இந்த ஊரிலேயே பிறந்தவன்.
இந்தக் கல்லை யாரும் எனக்குச் சொன்னதில்லை.
இப்போது என்ன சொன்னீர்கள்?”

அயல்மொழியில் சொன்ன பொய்க்கு எடை கிடையாது.
அதையே நான்
எங்கள் மொழியில், அவர் முகத்தைப் பார்த்து,
மறுபடி சொல்லவேண்டியிருந்தது.
பாதியில் நிறுத்தியிருக்கலாம்.
அழுதவளுக்கு ஒரு பெயர்கூட வைத்தேன்.

மறுநாள் காலை விடுதி வாசலில்,
பேருந்தில் தொகோரோ பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க,
நிஷிவாகி மூச்சிரைக்க வந்து நின்றார்.
“நேற்றிரவு மதிலோரம் நின்று கேட்டேன்.
ஒரு மணி நேரம்.
ஒன்றுகூடக் கத்தவில்லை.”

நவம்பரில் எந்தத் தவளை கத்தும்?
மண்ணுக்கடியில் உறங்கிக்கொண்டிருக்கும்.
அவருக்கும் அது தெரியும், எல்லோருக்கும் தெரியும்,
பள்ளிக்கூடப் பாடம்.
எனக்கு இரண்டு சூடான காப்பி டப்பாக்கள் தந்து
குனிந்து வணங்கிப் போனார்.

தன் வாயால் கெட்டது இந்த முறை நுணல் அல்ல.
குளிர்காலம் முழுக்க
அந்தத் தோட்டத்தை நிரலிலிருந்து நீக்கச் சொல்லி
அலுவலகத்துக்கு எழுதினேன்.
வாடிக்கையாளர் கருத்துப் படிவங்களில்
அழுத பெண்ணின் கல்தான் முதலிடம் என்று
பதில் வந்தது.

ஜூன். அடைமழை.
இந்த முறை முப்பது பேர், முப்பது ஒளிபுகும் குடைகள்.
தோட்டத்து வாசலிலேயே கேட்டுவிட்டது:
குளம் முழுக்க, கல்லின் மேலும் கீழும்,
கொதிக்கும் சட்டிபோலத் தவளைகள்.
கல்லருகே அவர்,
குடையில்லாமல், நெற்றி சுருங்கி.

நான் எதுவும் சொல்லுமுன் அவரே சொன்னார்,
மெதுவாக, எனக்கு உதவுகிறவர் மாதிரி:
“மழைநாளில் விலக்கு உண்டு, இல்லையா?
அவள் அழுவது மழையில் எப்படியும் கேட்காதே.”

“ஆமாம்,” என்றேன். “அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.”

முப்பது பேரும் மொழிபெயர்ப்புக்காக
என் வாயைப் பார்த்தார்கள்.
என் குடையை அவர்பக்கம் சாய்த்துக்கொண்டு
கொடியை உயர்த்தினேன், துணித்தவளை சொட்டச் சொட்ட.
வழக்கம்போல எண்ணினேன்.
முப்பத்தொன்று.
சரியாக இருந்தது.