வாடகைக்குப் பதில்

மூன்று மாத வாடகையும் தண்ணீர்க் காசும் தராமல்
எட்வின் போன அன்று
சம்ப் மூடியின் மேல் நின்றிருந்தது இந்த யெஸ்டி.
சாவி நைலான் கயிற்றில், கேட்டில் தொங்கியது.

நான்கு மழை பார்த்தது.
கிழிந்த சீட்டுக்குள் ஒரு பூனை குட்டிபோட்டு
கண் திறந்ததும் எடுத்துப்போனது.
டேங்கர்க்காரன் ஒவ்வொரு முறையும்
திட்டிக்கொண்டே தள்ளிவைத்துவிட்டுக் குழாயை இறக்குவான்;
போகும்போது மறுபடி அங்கேயே நிறுத்துவான்.
அது ஏனென்று தெரியவில்லை.

லிங்கராஜபுரத்தில் தண்ணீர் வராத ஒரு மார்ச்.
டேங்கருக்குக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை
சும்மா ஒரு நட்டைத் திருகிப் பார்த்தேன்.
அசையவில்லை.
ஆசையில் தொடங்கவில்லை நான்.
கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் பிடித்திருந்தது.
பிளக் ஓட்டையில் டீசல் ஊற்றிவிட்டு ஆபீஸ் போனேன்.
பதினோரு நாள்
இன்ஷூரன்ஸ் கவுண்டரில் யாராவது
இறப்புச் சான்றிதழ் நீட்டும்போதும்
உள்ளே ஊறிக்கொண்டிருக்கும் இரும்புதான் ஞாபகம்.
பன்னிரண்டாம் நாள் கிக்கரைக் கையால் அழுத்த
ஒரு விரற்கடை இறங்கியது, சத்தமில்லாமல்.
சத்தம் போட்டது நான்.

டேங்குக்குள் இருந்தது பெட்ரோல் இல்லை,
மூக்கைச் சுடும் பாகு.
ஜல்லியும் வினிகரும் போட்டுப் போர்வையில் சுற்றி
மடியில் வைத்துக் குலுக்கினேன், சீரியல் முடியும்வரை.
மாடிவீட்டு தேபாஷிஷ் இறங்கிவந்து
மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான்.
நானும்தான் என்றேன்.

ஜே.சி. ரோட்டில் பாயிண்ட் செட் கேட்டால்
முனவர் கடைப் பையன் ‘நாளெ பன்னி’ என்கிறான்.
இருபத்தாறு வருடம் இந்த ஊரில்;
நாளைக்கு வரச் சொல்கிறான் என்று தெரியும்.
ஆனாலும் ஒரு கணம்
குட்டிகளோடு ஒன்று ரோட்டைக் குறுக்கே கடக்கிறது.
நாளை போனேன். அதற்கு மறுநாளும்.

பாயிண்டின் இடைவெளிக்கு
எட்வினின் வாடகை ஒப்பந்தத்தில் கடைசித் தாள்,
நாலாய் மடித்தால் கச்சிதம்.
கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பெடுக்க என் தலைமுடி.
கறுப்பு வளைந்துபோனது.
நரைதான் விறைப்பாக நுழைந்தது.

இந்த வண்டிக்கு
உதைக்கவும் கியர் மாற்றவும் ஒரே கம்பி.
உதைத்து எழுப்பிவிட்டு மடக்கிக்கொள்ள வேண்டும்.
இதை யோசித்தவர் வீட்டில்
பாத்திரங்கள் குறைவாக இருந்திருக்கும்.

டூல் பாக்ஸில் ஆர்.சி. புக்.
சி.என். புட்டராஜு, ஹாசன்.
எட்வின் பெயரே இல்லை.
கோலாரில் அவன் அத்தை வீட்டு நம்பரைத் தேடிப்பிடித்தேன்.

‘அதுவாக்கா? எனக்கே அது ஓடினதில்ல.
லாட்ஜ்ல ஆறு மாசச் சம்பளத்துக்குப் பதிலா கொடுத்தாங்க.
மெஜஸ்டிக்லருந்து தள்ளிக்கிட்டே வந்தேன்.
வந்து சேர ராத்திரி ரெண்டு மணி.’

எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருந்தது.
கேட் சத்தத்துக்குத் திட்டியிருக்கிறேன்.
லாட்ஜ்காரருக்கு இது எதற்குப் பதிலாக வந்ததோ,
புட்டராஜு என்ன கடன்பட்டாரோ.

‘சாரிக்கா’ என்றான் எட்வின்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
வாடகை பற்றி இருவருமே பேசவில்லை.
எந்த பாரத்தில் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் கேட்டான்.
உன் கையெழுத்து செல்லாது என்றேன்.
சிரித்தோம்.

முப்பத்தெட்டாவது உதையில் பிடித்தது.
இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை,
கூடவே காய்ந்த குளவிக்கூடு.
தேபாஷிஷ் ஜன்னலைச் சாத்தினான்.
காலடியில் சம்ப் மூடி நடுங்கியது;
கீழே இருட்டில் தண்ணீரும் நடுங்கியிருக்கும்.

ஸ்கூட்டி தவிர எனக்கு எதுவும் ஓட்டத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை டேங்கர் வந்தது.
தள்ளப்போனவனை ‘இருங்க’ என்றேன்.
உதைத்தேன். கம்பியை மடக்கி முதல் கியர்.
கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.
கறிவேப்பிலைத் தொட்டி இரண்டாகப் பிளந்தது.

அவன் தொட்டியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.
காலியாகக் கிடந்த மூடியைத் திறந்து
குழாயை இறக்கினான்.

‘ஓடத்தா மேடம்?’

‘ஆறடி’ என்றேன்.