நானூறு டாலர் அடுப்பு

புதியது மூவாயிரம் டாலர், இருபத்து நான்கு தவணை.
பழையது நானூறு,
தூக்கிப்போக ஆள் மட்டும் நம்முடையது.
ஷமோக்கின் மேட்டில் கோஸ்டெல்நிக் வீட்டுக் கராஜுக்கு
நானும் லொரேனும் போனோம்.

கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்.
"வார்ப்பிரும்பு. முப்பது குளிர்காலம் பார்த்தது."
தட்டில் போன பிப்ரவரியின் சாம்பல்.

லொரேன் டார்ச்சை ஏற்றி
நிலக்கரி கிடக்கும் இடத்தில் வைத்தாள்,
அடுப்பின் கதவைச் சாத்தினாள்,
கராஜ் விளக்கை அணைத்தாள்.

பின்பக்கம், முழங்கால் உயரத்தில்,
மயிரிழை வெளிச்சம்.

யாரும் விலை பேசவில்லை.

"டெல்ஃபினுக்குப் பனிக்காலம் முழுக்கத் தலைவலி," என்றார் இருட்டிலிருந்து.
"ஏப்ரல் வந்தால் போய்விடும்.
கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள்.
மாற்றினோம்.
இரண்டு முறை."

விளக்கைப் போட
ஒருவருக்கும் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை தவணைத் தாளில் கையெழுத்திட்டேன்.
டார்ச்சை
அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்,
எரிந்தபடி.