ஈர விரல்

மண்டபம் ரயிலடிக்கு எதிரே என் கடை.
அகலம் ஆறடி.
அதற்குள் இரண்டு கம்பெனிகளின் யுத்தம்.

நீலப் பெட்டிக்காரர் பத்து அங்குலம் என்றார்.
ஆடி கழியுமுன் வெள்ளைப் பெட்டிக்காரர்
பதினொன்றோடு வந்து நின்றார்.
இவர் பேனா இலவசம் என்றால்
அவர் உறையும் சேர்த்துத் தருவார்.
தடிமன் குறைந்துகொண்டே போகிறது,
அப்பளம் எடுப்பதுபோல்
டேப்லெட்டை எடுத்துக் காட்டுகிறேன்.
விலையும் குறைகிறது.
பழைய சரக்கு மட்டும் கண்ணாடிக்குள்
என் கடனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

இரண்டிலும் ஒரே சில்லுதான்.
திறந்து பார்த்தவன் நான், வெளியே சொல்வதில்லை.
சார்ஜ் துளையில்
கச்சான் காற்று ஏற்றிய பச்சைக் களிம்பும்
ஒரே நிறம்.

நேற்று இருவரும் ஒரே ரயிலில் வந்து
ஒன்றாகப் படியேறினார்கள்.
பின்னாலேயே ரெஜினாள்,
நண்டு எடை போடும் இடத்திலிருந்து நேராக.
கணக்கு எழுத ஒன்று வேண்டுமாம்.

நீலத்தைத் தொட்டாள். அசையவில்லை.
வெள்ளை, கேட்காத பக்கத்தைத் திறந்தது.
சேலையில் விரலைத் துடைத்தாள்.
சேலையும் ஈரம்.

"ஈரக் கைக்கு எதுய்யா மசியும்?"

விளம்பரத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அடுத்த மாடலில், என்றார் ஒருவர்.
அடுத்த மாடலில், என்றார் மற்றவரும்.

"நண்டு இன்னைக்கே வந்துருச்சே."

பழைய சரக்கில் தடித்த ஒன்றைக் கேட்டு வாங்கி
குனிந்து
முழங்கையால் ஒரு தட்டு.
திறந்தது.
பாதி விலை பேசி, இடுக்கிக்கொண்டு போனாள்.

பெட்டிக்காரர்கள் இருவரும்
ஒருவருக்கு ஒருவர் முதுகு காட்டி
தலைமை அலுவலகத்துக்கு
அவசரமாக ஏதோ எழுதினார்கள்.

இரண்டு திரையிலும் காய்ந்திருந்த உப்பைத்
துடைத்து வைத்தேன்.